மூக்குவழித் தடுப்பு மருந்து: தீவுகள் எழுப்ப வேண்டிய கேள்வி

மூக்குவழி மருந்து என்றதும் ‘வலி இல்லை, போடுவது சுலபம்’ என்ற பேச்சே முந்திக்கொள்கிறது. அந்தமான் நிக்கோபாருக்கு அது இரண்டாம்பட்சம். ஊசி இங்கே தோற்றுவிடவில்லை. வடக்கு தெற்காக 800 கிலோமீட்டர் கடலில் சிதறிய இத்தீவுகளில், கோவிட் ஊசியான கோவிஷீல்டை மட்டுமே கொண்டு, தகுதியுள்ள அனைவருக்கும் இரு தவணையும் போட்டு முடித்ததாக 2021 டிசம்பரில் நிர்வாகம் அறிவித்தது. மூக்குவழி மருந்தும் 2 முதல் 8 டிகிரிக் குளிரில்தான் இருந்தாக வேண்டும். கப்பலேறும் குளிர்பெட்டி அதனால் குறையப்போவதில்லை. நாம் அதை நாடுவதற்கான காரணம் வேறு: கிருமியைச் சுமந்து செல்பவரிடமே அதைத் தடுத்து நிறுத்த முடியுமா என்பது.

இத்தீவுகளின் பழங்குடியினருக்கு இக்கேள்வி முக்கியமானது. அவர்களுள் ஜாரவாக்களை 1999இல் தட்டம்மை தாக்கியது. ஐம்பது பேரளவே எஞ்சிய கிரேட் அந்தமானியரிடையே 2020 ஆகஸ்டில் கோவிட் கண்டறியப்பட்டது. இரண்டும் வெளியுலகத் தொடர்பால் சென்றவை. கையில் போடும் ஊசி இரத்தத்தில் எதிர்ப்பொருளைப் பெருக்கி நுரையீரலைக் காக்கிறது. மூக்கின் சளிச்சவ்வில் சுரக்கும் ஐஜிஏ எதிர்ப்பொருளை அது பெரிதாகத் தூண்டுவதில்லை. ஆகவே ஊசி போட்டுக்கொண்டு பழங்குடியினரிடம் செல்லும் ஊழியர் நோயின் கடுமையிலிருந்து தப்பினாலும், அவர் மூக்கில் கிருமி இருக்கக்கூடும். வாஷிங்டன் பல்கலைக்கழகத் தொழில்நுட்பத்தில் பாரத் பயோடெக் உருவாக்கி, 2022 செப்டம்பரில் அனுமதி பெற்ற மூக்குவழி கோவிட் மருந்தான இன்கோவாக் இந்த இடைவெளியைக் குறிவைக்கிறது: ஒரு மூக்குத் துளைக்கு நான்காக எட்டுச் சொட்டு, 28 நாள் இடைவெளியில் இரு தவணை.

‘பரவலைத் தடுப்பது நிரூபணமாகவில்லையே?’ என்பது முதல் ஆட்சேபம், நியாயமானது. ஏறத்தாழ 3,100 பேரிடம் நடந்த இன்கோவாக்கின் மூன்றாம் கட்ட ஆய்வு எதிர்ப்பொருளை அளந்ததே தவிர, பரவலை அளக்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மூக்குவழி கோவிட் மருந்துச் சோதனை 2022இல் பலவீனமான விளைவையே தந்தது. அடைத்த மூக்கிலும், சொட்டு விட்டதும் வரும் தும்மலிலும் எவ்வளவு மருந்து வீணாகும் என்பதும் மழைக்காலச் சளி மிகுந்த இத்தீவுகளில் கவனிக்க வேண்டியது. ஆனால் நிரூபணம் இல்லை என்பது ஆராய்வதற்கான காரணம், ஒதுக்குவதற்கானதல்ல. இரண்டாவது ஆட்சேபம் பாதுகாப்பு. சுவிட்சர்லாந்தில் 2000-01இல் பயன்பட்ட மூக்குவழி ஃப்ளூ மருந்து சிலருக்கு முகவாதம் உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. அதற்கு, மருந்தோடு சேர்த்திருந்த பாக்டீரிய நச்சே காரணமாகக் கருதப்பட்டது. இன்கோவாக்கில் அது இல்லை. ஆயினும் நீண்டகாலக் கண்காணிப்பைத் தளர்த்த இடமில்லை.

எனவே ஆய்வைப் பழங்குடியினரிடம் நடத்தக் கூடாது. அவர்களிடம் செல்வோரிடம் நடத்த வேண்டும். மருத்துவப் பணியாளர், காவலர், கப்பல் ஊழியர் ஆகியோர் தம் விருப்பத்தோடு சேரட்டும். ஊசி மட்டும் போட்டோர், மூக்குவழி மருந்தும் பெற்றோர் என இரு அணிகளாகப் பிரித்து, தொற்று ஏற்பட்டால் மூக்கில் கிருமி எவ்வளவு, எத்தனை நாள் தங்குகிறது என்பதை அளக்கட்டும். அந்த ஆய்வின் வரைவைச் செதுக்கும் பொறுப்பை இக்கருத்தரங்கின் அமர்வுகளிடம் ஒப்படைத்து, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.