ஆழ்கடற் பறவைகளைக் காணும் படகு

கடற்கரையில் நிற்பவர் காணும் கடற்பறவைகள் மிகச் சில. ஆலாவும் கடற்காகமும் அவர் கண்ணிற் படும். ஆயின், முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதற்கன்றி நிலத்தை நாடாத பறவைகளும் உள. அல்பட்ரோஸ், பெட்ரல் என்னும் இனங்கள் அத்தகையன. அவற்றைக் காண விரும்புவோர் அவை வாழும் ஆழ்கடலுக்கே செல்லுதல் வேண்டும். அவ்வாறு செல்வோரை ஏற்றிச் செல்லும் படகுப் பயணங்கள் இன்று பல நாடுகளில் நடைபெறுகின்றன. அவற்றுள் அவுஸ்திரேலியாவின் கீழைக் கரையில் எழுந்த முயற்சி அறியத்தக்கது.

சிட்னி நகருக்குத் தெற்கே பெலம்பி என்னும் ஊர் உளது. அப்பகுதிக் கடலில் குளிர்காலத்தில் பெருங்கணவாய்கள் இனம்பெருக்கி மடிந்து மிதக்கும். அவற்றை உண்ணப் பேரல்பட்ரோஸ்கள் வருவதுண்டு. 1950களின் பிற்பகுதியில் கிப்சன், செப்டன் என்னும் இருவர் படகிற் சென்று, அப்பறவைகளை வலையாற் பிடித்து, எண் பொறித்த வளையங்களைக் காலிற் பூட்டி விடுவித்தனர். அதே காலத்தில், தென் அத்திலாந்திக் சமுத்திரத்திலுள்ள தென் ஜோர்ஜியாவை அடுத்த பறவைத் தீவில், டிக்கெல் என்னும் ஆய்வாளரும் அவ்வினத்துக்கு வளையமிட்டு வந்தார். ஓரிடத்தில் வளையமிட்ட பறவை மற்றையிடத்திற் காணப்பட்டது. ஆறாயிரம் மைலுக்கும் அப்பாலுள்ள தீவில் முட்டையிடும் பறவையே பெலம்பிக்கு இரை தேடி வருகின்றது என்பது இவ்வாறு புலனாயிற்று. டிக்கெலும் கிப்சனும் இம்முடிவுகளை 1968ஆம் ஆண்டிற் கூட்டாக வெளியிட்டனர்.

பிற்காலத்தில், பெலம்பியை அடுத்த வொலொங்கொங் துறையிலிருந்து பறவை காண்போருக்கெனப் பயணங்கள் ஒழுங்குசெய்யப்பட்டன. 1994இல் தோன்றிய தென் சமுத்திரக் கடற்பறவை ஆய்வுச் சங்கம் அப்பணியை நெடுங்காலம் நடத்தியது. இத்தகைய படகு விடியற்காலையிற் புறப்பட்டுக் கண்டமேடையின் விளிம்பை நோக்கிச் செல்லும். ஆங்கே கடலின் ஆழம் திடீரென மிகும். இரையும் மிகுதியாகக் கிடைக்கும். விளிம்பை அடைந்ததும் பொறியை நிறுத்தி, மீன் ஈரலையும் மீன்கழிவையும் சிறிது சிறிதாக நீரில் இடுவர். எண்ணெய் படலமாகப் பரவும்; அதன் மணத்தைக் காற்று ஏந்திச் செல்லும். ஆதலின், அனுபவமிக்கோர் காற்று வீசிச் செல்லும் திசையிலேயே விழி வைத்திருப்பர். வெறுமையாகக் கிடந்த அத்திசையிலிருந்து பறவைகள் ஒவ்வொன்றாகக் காற்றை எதிர்த்து வந்து சேரும். காற்று நன்கு வீசும் நாளிலேதான் அல்பட்ரோஸ் சிறகசைக்காது மிதந்து வரும் அழகைக் காணலாம். கடல் அமைதியாயின் அது நீரின்மேல் அமர்ந்துவிடும். எனவே பயணிகளின் வயிற்றுக்கு நல்ல நாள், அவர்களின் கண்ணுக்கு நல்ல நாளன்று.

படகிலுள்ளோருக்கு விருந்தாகும் இப்பழக்கமே பறவைக்கு நஞ்சாகவும் அமைந்தது. மீன்கழிவு கிடைக்கும் என்று படகைத் தொடரும் பறவை, தூண்டிற் கப்பலையும் தொடர்கின்றது. சூரை மீன் பிடிக்கும் கப்பல்கள் பல மைல் நீளக் கயிற்றில் ஆயிரக்கணக்கான தூண்டில்களைக் கட்டி விடுகின்றன. இரை மூழ்குமுன் பறவை அதனைக் கவ்வுகின்றது. தூண்டில் அதனைக் கடலுக்குள் இழுத்து அமிழ்த்துகின்றது. தென் சமுத்திரத்தில் யப்பானியத் தூண்டிற் கப்பல்களில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 44,000 அல்பட்ரோஸ்கள் மடிந்தன என்று 1991ஆம் ஆண்டில் நைஜல் பிரதர்ஸ் என்னும் ஆய்வாளர் கணக்கிட்டார். பேரல்பட்ரோஸ் சுமார் பத்து வயதின் பின்னரே இனம்பெருக்கத் தொடங்கும். ஈராண்டுக்கு ஒருமுறை ஒரேயொரு முட்டையிடும். இவ்வளவு மெல்லப் பெருகும் இனம் அத்தகைய அழிவைத் தாங்குவதெங்ஙனம்? டிக்கெல் வளையமிட்ட பறவைத் தீவில், 1960களில் இருந்த தொகையிற் பாதிக்கும் மேல் பின்னர் குறைந்துவிட்டது.

பரிகாரம் இல்லாமலில்லை. இரவிலே தூண்டில் விடுதல், கயிற்றுக்குப் பாரமிட்டு விரைவில் மூழ்கச் செய்தல், கப்பலின் பின்னே நாடாக்கள் தொங்கும் கயிற்றைக் கட்டிப் பறவைகளை அகற்றுதல் ஆகியன எளிய முறைகள். நாடாக் கயிறு யப்பானிய மீனவர்களே கண்ட உபாயம். பறவை இரையைக் கவர்ந்தால் நட்டம் மீனவருக்குமன்றோ! தென் ஜோர்ஜியாவைச் சூழ்ந்த கடலில் விதிகள் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தபின் அம்மீன்பிடியிற் பறவைகளின் சாவு மிக அருகியது. எனினும் அதே பறவைகள் எல்லை கடந்து தொலைவிற் பறந்து, விதி பேணாத கப்பல்களிடம் சிக்குகின்றன. 2001இற் கைச்சாத்திடப்பட்டு 2004இல் நடைமுறைக்கு வந்த அல்பட்ரோஸ், பெட்ரல் காப்பு உடன்படிக்கை, நாடுகள் கூடிச் செயற்படவேண்டிய தேவையை உணர்ந்து எழுந்ததாகும்.

பறவை காணும் படகினர் பொழுதுபோக்குக்காக மட்டுமே கடலேறுபவரல்லர். ஒரே துறையிலிருந்து மாதந்தோறும் சென்று, கண்டவற்றை எண்ணிக் குறித்து வைப்பாராயின், எந்த இனம் குறைகின்றது என்பதை அக்குறிப்பே காட்டும். கரையிலிருப்போர் காணாத இழப்புக்குச் சாட்சி சொல்லவல்லவர் அவரே.