பனிக்காலத்தில் வண்டிக்குள் படியும் ஈரம்



பயிரைத் தாக்கும் பனியைப் பற்றி எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். இன்றைக்கு வண்டிக்கு வரும் பனியைப் பற்றிச் சொல்லலாம் என்று இருக்கிறேன். "காருக்கும் விவசாயத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று யாராவது கேட்கலாம். உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் எத்தனை வீட்டு வாசலில் சின்ன லோடு வண்டி நிற்கிறது, எண்ணிப் பாருங்கள். கத்தரி, வெண்டை, கீரை என்று ராத்திரியே கட்டி வைத்து, விடியற்காலம் மூன்று மணிக்கு ஏற்றி, காஞ்சிபுரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ கோயம்பேட்டுக்கோ கிளம்புகிறோம். மார்கழி, தை மாதத்தில் சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் முன்கண்ணாடி வெள்ளை பூசின மாதிரி மங்கிவிடுகிறது. ரோட்டிலே யார் இருப்பார்கள்? பின்விளக்கு இல்லாத பால்கார சைக்கிள், கரும்பு ஏற்றின டிராக்டர், மேல்மருவத்தூருக்கு நடந்து போகிற பக்தர்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி, நீங்கள் துண்டை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கிற 5 வினாடியில் ஏறக்குறைய 70 மீட்டர் ஓடிவிடும். அந்த 70 மீட்டரும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டின கணக்குத்தான்.

இந்த ஈரம் எங்கிருந்து வருகிறது? குளிர்ந்த தண்ணீர் ஊற்றி வைத்த சொம்பு வெளிப்புறம் வியர்க்கிறதே, அதே கதைதான். சூடான காற்று நிறைய நீராவியைத் தாங்கும். குளிர்ந்த காற்று தாங்காது. 30 டிகிரி சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்குகிறது. அதுவே 20 டிகிரிக்கு இறங்கினால் 17 கிராம்தான். மிச்சம் எங்கே போகும்? எது குளிர்ந்து கிடக்கிறதோ அதன் மேல் தண்ணீராக உட்காரும். பனி இறங்கும் ராத்திரியில் வண்டியின் கண்ணாடி சீக்கிரம் குளிர்ந்துவிடும்.

மங்கினவுடனே துடைக்காதீர்கள். முதலில் ஒரு விரலால் உள்பக்கம் தொட்டுப் பாருங்கள். கோடு விழுந்தால் ஈரம் உள்ளே இருக்கிறது. விழாவிட்டால் வெளியே இருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. நம்மில் பல பேர் இதைப் பார்க்காமல் ஒன்றுக்குச் செய்ய வேண்டியதை இன்னொன்றுக்குச் செய்கிறோம்.

உள்ளே படிந்த ஈரம் நம்ம உடம்பிலிருந்தும், நாம் ஏற்றிய சாமானிலிருந்தும் வந்தது. சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு ஆளின் மூச்சிலும் தோலிலும் மணிக்கு 40 கிராம் அளவுக்கு நீராவி போகிறது. முன்சீட்டில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்து, காலடியில் பனியில் நனைந்த கீரைக்கட்டும் ஈரக் கோணியும் வைத்து, குளிருக்குப் பயந்து ஜன்னலையும் ஏற்றிவிட்டால் கேட்பானேன்! காரில் நெல் மூட்டை ஏற்றுகிறவர்களும் கவனியுங்கள். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரம் என்று கணக்குப் பார்க்கிறார்களே, 20 சதவீத ஈரம் உள்ள 40 கிலோ மூட்டையில் 8 கிலோ தண்ணீர் ஒளிந்திருக்கிறது. அதில் ஒரு பங்கு ராத்திரி முழுக்க வண்டிக்குள் ஆவியாகும்.

இதற்கு வழி, இரண்டு பக்க ஜன்னலையும் இரண்டு விரற்கடை இறக்கி வைப்பதுதான். "வெளியே பனியாயிருக்கிறதே, இன்னும் ஈரம் அல்லவா வரும்?" என்பீர்கள். வராது. வெளிக்காற்று குளிர்ந்த காற்று. அதில் உள்ள தண்ணீர், நம் மூச்சு நிறைந்த உள்காற்றில் இருப்பதைவிடக் குறைவு. ஏ.சி. இருக்கிற வண்டி என்றால் அதைப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள். குளிருக்காக இல்லை, காற்றை உலர்த்துவதற்காக. வண்டிக்கு அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிறதே, அது உள்காற்றிலிருந்து பிழிந்த ஈரம்தான். ஹீட்டரும் சேர்த்துப் போட்டால் இன்னும் சீக்கிரம் தெளியும். கார் படத்துக்குள் வளைந்த அம்புக்குறி போட்ட பட்டன் ஒன்று இருக்கும். அது உள்காற்றையே சுற்ற விடுவது. அதை அணைத்துவிடுங்கள்.

ஈரம் வெளியே படிந்திருந்தால் நிலைமை தலைகீழ். ஏ.சி.யை வெகுநேரம் நன்றாகக் குளிர வைத்து ஓட்டியிருப்பீர்கள். கண்ணாடி சொம்பு மாதிரி குளிர்ந்து வெளிப்புறம் வியர்த்திருக்கும். உள்ளே எவ்வளவு துடைத்தாலும் போகாது. வைப்பரைப் போடுங்கள், குளிரைக் குறையுங்கள், காற்றைக் கால்பக்கம் திருப்புங்கள்.

வெறும் கையால் கண்ணாடியைத் தேய்க்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். கையில் இருக்கிற எண்ணெய்ப் பசை படிந்து, எதிரே வரும் லாரியின் ஹெட்லைட் பட்டதும் கண்ணாடி முழுக்கப் பளபளக்கும். சாயங்காலமே உள்பக்கத்தைத் துளி சோப்பு போட்டுத் துடைத்து, உலர்ந்த துணியால் தேய்த்து வைப்பது நல்லது. லேசான சோப்புப் படலம் இருந்தால் ஈரம் முத்து முத்தாக நிற்காமல் பரவிவிடும், பார்வை மறையாது.

இவ்வளவு செய்தும் தினமும் மங்கினால் காலடி மேட்டைத் தூக்கி, அதற்குக் கீழே உள்ள பஞ்சை அழுத்திப் பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தாலே சந்தேகம் வர வேண்டும். நம்ம ஊரில் இதற்கு முக்கால்வாசிக் காரணம் புளியமர நிழல்! வெயிலுக்குப் பயந்து மரத்தடியில் நிறுத்துகிறோம். பொடிப் பொடி இலை எல்லாம் முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கிற சல்லடையில் விழுந்து தண்ணீர் போகும் துவாரத்தை அடைத்துக்கொள்ளும். அப்புறம் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். கதவின் அடியில் இருக்கிற சின்னத் துவாரங்களையும் ஒரு ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள். நனைந்த மேட்டை வெயிலில் போட்டு நன்றாகக் காயவிடாமல் திரும்பப் போட்டால் கீழே தகடு துருப்பிடித்துவிடும்.

கல் உப்பைத் துணியில் கட்டி வைக்கலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. வைக்கலாம். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிகிறதே, அந்தக் குணம்தான். ஆனால் பிளாஸ்டிக் தட்டில் வைத்து, கசிந்த உப்புத் தண்ணீர் தகட்டில் படாமல் காலையில் எடுத்துவிடுங்கள்.

நம்ம பக்கம் ஈரத்தோடு போயிற்று. நீலகிரிக்கு லோடுக்குப் போகிறவர்களுக்கு டிசம்பர், ஜனவரியில் உறைபனியே காத்திருக்கும். ஊட்டிப் பக்கம் தலைகுந்தா, காந்தல் மாதிரிப் பள்ளத்தாக்குகளில், மேகம் இல்லாத, காற்று அசையாத ராத்திரியில் கண்ணாடி மேல் உப்பு தூவினது போல உறைந்திருக்கும். வண்டிக்குள்ளே படுத்துத் தூங்கினவர்களுக்கு மூச்சு ஈரம் உள்பக்கமும் உறையும். அவசரத்தில் வெந்நீர் ஊற்றிவிடாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும். வைப்பரையும் போடக் கூடாது. ரப்பர் ஒட்டிக்கொண்டு கிழியும். பிளாஸ்டிக் அட்டையால் மெல்லச் சுரண்டி, இன்ஜினை ஓடவிட்டுக் கண்ணாடியைச் சூடாக்குங்கள். மூடின ஷெட்டுக்குள் மட்டும் இன்ஜினை ஓடவிட வேண்டாம், புகை ஆளைக் கொன்றுவிடும். ராத்திரியே உலர்ந்த தார்ப்பாயால் முன்கண்ணாடியை மூடி வைத்தால் காலையில் பாதி வேலை மிச்சம். ஈரக் கோணி போட்டால் அது கண்ணாடியோடு சேர்ந்து உறைந்துவிடும்.

கடைசியாக டிராக்டர்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணாடியில் படிகிற அதே ஈரம் காலி டீசல் டேங்கின் உள்சுவரிலும் படிந்து, அடியில் போய்த் தண்ணீராகத் தங்கும். அதனால் பனிக்காலத்தில் டீசலைக் காலையில் போடாமல், வேலை முடிந்த சாயங்காலமே நிரப்பி வையுங்கள். வாரம் ஒருமுறை ஃபில்டரின் அடித்திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். நல்ல டீசல் வருகிற வரைக்கும் விட்டுவிட்டுத் திருகை இறுக்குங்கள். பழக்கம் இல்லாதவர்கள் மெக்கானிக்கை ஒருமுறை செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளலாம்.