ஈறு நோய் ஆய்வும் எளியோர் பற்களும்

(மும்பை செம்பூரில் தமிழ் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



பொருளாதாரம் பயின்று மைய அரசுப் பணியில் பல ஆண்டுகள் கழித்த ஒருவன் பல்லையும் ஈறுகளையும் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுள் சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால் திட்டமிடுவோர் கண்ணில் எளிதில் படாத நோய்கள் என்று ஒரு வகை உண்டு. அவற்றால் எவரும் இறப்பதில்லை. அவை தொற்றாகப் பரவி ஊரைக் கலக்குவதுமில்லை. ஆதலின் செலவுத் திட்டத்தில் அவற்றிற்கு இடம் கிடைப்பதரிது. ஈறு நோய் அவ்வகையைச் சேர்ந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கை, கடுமையான ஈறு நோய்க்கு ஆளானோர் தொகை நூறு கோடிக்கு மேல் என மதிப்பிட்டது. பல ஆண்டுகள் வலியின்றி வளர்வது இதன் இயல்பு. வலி தோன்றி மருத்துவரிடம் செல்லும்போது பல் ஆடத் தொடங்கியிருக்கும்.

நோயின் போக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் நுண்ணுயிர்கள் மெல்லிய படலமாகப் படிகின்றன. அப்படலம் நீக்கப்படாவிடின் ஈறு சிவந்து வீங்கும். துலக்கும்போது குருதி கசியும். இது ஈறழற்சி; இந்த நிலையில் முழுமையாகக் குணப்படுத்தலாம். சிலருக்கு அழற்சி இத்துடன் நில்லாமல், பல்லை எலும்போடு பிணைத்திருக்கும் இழைகளையும், பின்னர் எலும்பையும் அரிக்கிறது. பல்லுக்கும் ஈறுக்கும் இடையே பை போன்ற பள்ளம் உண்டாகிறது. அரிக்கப்பட்ட எலும்பு பெரும்பாலும் மீண்டும் வளர்வதில்லை. அதற்குமேல் மருத்துவம் செய்யக்கூடியதெல்லாம், எஞ்சியிருப்பதைக் காப்பதே.

படலமே காரணம் என்பது ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டது 1965-இல்தான். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோவ என்ற நார்வே நாட்டு அறிஞரும் அவர் குழுவினரும், ஆரோக்கியமான ஈறுகளை உடைய 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் செய்தனர். பத்து நாள் முதல் மூன்று வாரத்திற்குள் அனைவருக்கும் ஈறழற்சி தோன்றியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அது மறைந்தது. பெருஞ்செலவில்லாத ஆய்வு, இருப்பினும் அதற்குப் பின் பல் மருத்துவம் முன்போல் இல்லை.

ஆனால் அழற்சி கண்ட அனைவரும் பல்லை இழப்பார்களா? மருத்துவமே கிடைக்காவிடில் இந்நோய் எப்படி நடக்கும்? இவ்வினாவிற்கு விடை தேடி லோவ சென்ற இடம் நம் உள்ளத்திற்கு மிக அருகில் உள்ளது. 1970-இல் இலங்கை மலையகத்தின் இரு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்கள் இந்த ஆய்விற்குள் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் தமிழர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்டோரின் வழியினர். ஆய்வுத் தொடக்கத்தில் அவர்களுக்கு வயது ஏறத்தாழ 14 முதல் 30 வரை. பல் மருத்துவரைக் கண்டிராதவர்கள். வழக்கமான முறையில் பல் துலக்கும் பழக்கமும் இல்லாதவர்கள். சொத்தைப் பல் ஏறக்குறைய இல்லையென்றே சொல்லலாம். ஆகவே இழந்த பல்லெல்லாம் ஈறு நோயால் இழந்தது என்று கணக்கிட வாய்த்தது. 1969-இல் ஒஸ்லோ நகரில், சிறு வயதிலிருந்தே நல்ல பல் மருத்துவம் பெற்றுவந்த மாணவர்களையும் கல்விப் பணியினரையும் கொண்டு ஓர் ஒப்பீட்டுக் குழுவும் அமைக்கப்பட்டிருந்தது.

1986-இல் வெளிவந்த முடிவுகளை இன்றும் உலகின் பல் மருத்துவ மாணவர்கள் படிக்கின்றனர். எல்லார் வாயிலும் படலம் இருந்தது, காறை இருந்தது, அழற்சியும் இருந்தது. ஆயினும் நோய் எல்லாரிடமும் ஒரே வேகத்தில் செல்லவில்லை. நூற்றுக்கு 8 பேரிடம் அது விரைந்து சென்றது. 81 பேரிடம் மிதமாக நகர்ந்தது. 11 பேரிடம் ஈறழற்சிக்கு அப்பால் செல்லவேயில்லை. விரைந்து சென்ற பிரிவினர் 35 வயதில் 12 பற்களையும் 40 வயதில் 20 பற்களையும் இழந்திருந்தனர். 45 வயதில் வாயில் பல்லே இல்லை. மிதப் பிரிவினர் 45 வயதில் சராசரியாக 7 பற்களை இழந்தனர். ஒரே தோட்டம், ஒரே உணவு, ஒரே பழக்கம். விளைவு மட்டும் வேறு. படலம் இன்றியமையாக் காரணம்; ஆனால் அது மட்டும் போதிய காரணமன்று, உடலின் தற்காப்பு இயல்பும் விளைவைத் தீர்மானிக்கிறது என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது. யாருக்கு முதலில் மருத்துவம் சேர வேண்டும் என்ற ஒதுக்கீட்டு வினாவும் இங்கிருந்தே பிறக்கிறது.

1985-இல் சோதிக்கப்பட்டோர் 161 பேர். இடைப்பட்ட காலம் 1964 ஒப்பந்தப்படி மலையகத் தமிழர் பல்லாயிரவர் இந்தியாவிற்குக் கப்பலேறிய காலம். பட்டியல் சுருங்கியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று கருத இடமுண்டு. 2010-இல் ஆய்வாளர்கள் மீண்டும் சென்று, தொடக்கப் பட்டியலிலிருந்து 75 பேரைக் கண்டு சோதித்தனர். நாற்பதாண்டு வரலாறு அது.

இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். அந்த ஆய்வு நோயை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த இல்லாமையைத் தொடர்ந்து அளந்தது. அதனால் பெற்ற அறிவு பெரிது என்பதிலும் ஐயமில்லை. ஆனால் ஒரு முறை கண்டு, நோய் விரைவதை அறிந்து, சில ஆண்டுகள் கழித்து மீண்டும் கண்டு, இழந்த பற்களை எண்ணிக் குறித்துக்கொள்ளும்போது, எதிரே வாயைத் திறந்து அமர்ந்திருப்பவருக்கு நாம் பட்ட கடன் என்ன? 1964-இல் ஹெல்சிங்கி அறிவிப்பு வந்துவிட்டது. அமெரிக்காவின் டஸ்கிகீ நகரில் மேகநோய் கொண்ட கறுப்பினத்தவரை மருத்துவமின்றி நோக்கிய ஆய்வு 1972-இல் வெளிச்சத்திற்கு வந்து நிறுத்தப்பட்டது. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது. டஸ்கிகீயில் வஞ்சனை இருந்தது. எனினும் 'அவர்களுக்கு எப்படியும் மருத்துவம் கிடைக்கப்போவதில்லை' என்ற வாதம் ஓர் அரசு அலுவலனுக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. கிடைக்காதது இயற்கையின் செயலன்று. தோட்டத்திற்குப் பல் மருத்துவரை அனுப்பாதது ஒரு நிர்வாக முடிவு.

இதற்கு ஒரு மாற்று நம் மும்பையிலேயே உண்டு. கொலாபாவில் உள்ள டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் டாக்டர் பாலி மேத்தா தலைமையில் இயங்கிய பல் ஆய்வுப் பிரிவு, ஐந்து மாவட்டங்களில் 50,915 கிராம மக்களின் வாயைச் சோதித்து, புகையிலைக்கும் வாய்ப்புற்றுக்கும் உள்ள தொடர்பை 1969-இல் வெளியிட்டது. அதே குழுவினர் அத்துடன் நில்லாது, எர்ணாகுளம், பவநகர், ஸ்ரீகாகுளம் மாவட்டங்களில் புகையிலை பயன்படுத்தும் 36,000 பேரைத் தேர்ந்து, அப்பழக்கத்தை விடும்படி நேரில் அறிவுறுத்தியும் திரைப்படம் முதலியவற்றால் எடுத்துக்கூறியும் விளைவை அளந்தனர். விட்டவர் தொகை உயர்ந்தது. வாயில் தோன்றும் வெண்திட்டுகள் குறைந்தன. இதன் முடிவு லண்டன் 'லான்செட்' இதழில் வந்த ஆண்டும் 1986 என்பது கவனிக்கத்தக்கது. நோக்குவதும் தலையிடுவதும் ஒரே ஆய்வில் கூடி நடக்கலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

சிகிச்சை ஆய்விற்கு வருவோம். பல்லின் மேலும் ஈறுக்கு அடியிலும் உள்ள காறையைச் சுரண்டி நீக்கி வேரின் பரப்பைச் சீர்செய்வதே அடிப்படைச் சிகிச்சை. மருந்துகள் இதற்குத் துணை. மெட்ரோனிடசோல் ஈறு நோய்க்கு வந்த கதை சுவையானது. வேறொரு நோய்க்கு அதை உட்கொண்ட ஒரு பெண்மணி, தன் ஈறுப் புண்ணும் ஆறிவிட்டதைச் சொன்னார். ஷின் என்பவர் 1962-இல் அதனை எழுதினார். குளோர்ஹெக்சிடின் கலந்த நீரால் வாய் கொப்பளித்தால் படலம் படியாது என்பதை லோவ குழுவினர் 1970-இல் காட்டினர். பல்லில் பழுப்புக் கறை படிவது அதன் குறை. ஈறு ஆய்வில் வேறெங்கும் எளிதில் வாய்க்காத ஒரு வசதியும் உண்டு. ஒருவர் வாயின் வலப்பக்கம் ஒரு சிகிச்சை, இடப்பக்கம் மற்றொன்று என்று செய்து ஒப்பிடலாம். அவரே அவருக்கு ஒப்பீடு. ஆனால் விழுங்கும் மருந்தை இவ்வாறு பிரித்துச் சோதிக்க இயலாது என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ளவேண்டும்.

இத்தகைய ஆய்வுகளில் வெற்றியை அளப்பது பள்ளத்தின் ஆழத்தைக் கொண்டு, அதாவது மில்லிமீட்டரில். என் போன்றோர் எச்சரிக்கையாக இருக்கவேண்டிய இடம் இதுவே. ஈறு நோயுள்ள தாய்மார்க்குக் குறைமாதப் பேறு நேர்கிறது என்ற கருத்து நெடுநாள் நிலவியது. அமெரிக்காவில் 823 கர்ப்பிணிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் பேற்றுக்கு முன்னும் மறு பிரிவினருக்குப் பேற்றுக்குப் பின்னும் சிகிச்சை அளித்தனர். 2006-இல் முடிவு வந்தது. ஈறு நலமடைந்தது, குறைமாதப் பேறு குறையவில்லை. கருவியில் தெரியும் மாற்றம் வாழ்க்கையில் தெரியும் மாற்றமாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. அங்கே ஒப்பீட்டுப் பிரிவினரும் இறுதியில் சிகிச்சை பெற்றனர் என்பதையும் குறித்துக்கொள்க.

செலவைப் பற்றி இரண்டு ஆய்வுகள் போதும். சுவீடனின் கார்ல்ஸ்டாட் நகரில் 1970-களின் தொடக்கத்தில் ஆக்சல்சன், லிண்டே என்ற இருவர் தொடங்கிய திட்டத்தில், தொடக்க ஆண்டுகளில் இரண்டு மூன்று மாதத்திற்கொருமுறை பல் சுத்தம் செய்து பயிற்சியும் அளிக்கப்பட்டவர்கள் முப்பதாண்டில் இழந்த பற்கள் மிகச் சில. பார்த்ததும் அதை அப்படியே இங்கே கொணரத் தோன்றும். ஆனால் 2018-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், 1,877 பேரிடம் ஆறு மாதத்திற்கொருமுறை, ஆண்டிற்கொருமுறை, அறவே இல்லை என மூன்று வகையாகப் பல் சுத்தம் செய்து மூன்றாண்டு பார்த்ததில், ஈறுக் கசிவில் வேறுபாடு காணப்படவில்லை. இவர்கள் ஒழுங்காகப் பல் மருத்துவரிடம் செல்பவர்கள், கடுமையான நோயில்லாதவர்கள். தாராவிக்கு இம்முடிவு பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். நிதித்துறையில் யாரேனும் இதைக் காட்டி ஒரு கோப்பை மூடினால் அது தவறு.

தாராவியில் நிலைமை என்ன? திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தோரின் வழியினர் உட்படத் தமிழர்கள் அங்கே பல தலைமுறையாக வாழ்கின்றனர். மராட்டிய மாநிலத்தில் 'மிஷ்ரி' என்ற வறுத்துக் கருக்கிய புகையிலைத் தூளைப் பல்லிலும் ஈறுகளிலும் தேய்க்கும் வழக்கம், குறிப்பாகப் பெண்களிடையே, பரவலாக உண்டு. பல்லுக்கு உறுதி தரும் என்பது அவர்கள் நம்பிக்கை. உண்மையில் புகையிலை வைக்குமிடத்தில் ஈறு தேய்ந்து வேர் வெளிப்படுகிறது. புகைப்போர்க்கு வேறோர் ஆபத்து உண்டு. ஈறுக் கசிவு குறைந்து, நோய் இல்லாதது போலத் தோன்றும். பற்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்ப்பதை மைய அரசு 1992-இல் தடை செய்தது. வீட்டில் கருக்கும் தூளுக்கு அத்தடையால் என்ன ஆகும்?

சிகிச்சைக்கு இடமில்லாத ஊரன்று மும்பை. மாநகராட்சியின் நாயர் பல் மருத்துவக் கல்லூரி 1933-இல் தோன்றியது. சத்திரபதி சிவாஜி மகராஜ் முனையத்தருகே அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாகிமிலோ சயானிலோ ரயிலேறினால் போய்விடலாம். பயணச் சீட்டும் பெருஞ்செலவன்று. செலவாவது முற்பகல் நேரம். தாராவியில் விடியுமுன் இட்லி அவித்து, தூக்கிச் சென்று மாட்டுங்கா முதலிய இடங்களில் விற்று வரும் தமிழர் எத்தனையோ பேர். புறநோயாளர் சீட்டுக் கொடுக்கும் நேரமும் அவர்கள் விற்கும் நேரமும் ஒன்றே. ஈறுச் சிகிச்சை ஒரு நாளில் முடிவதன்று. மூன்று நான்கு முறை செல்லவேண்டும். மூன்று நான்கு நாள் வருவாயை ஈடாகக் கொடுத்து, வலிக்காத நோய்க்கு யார் போவார்? ஆடும் பல்லைப் பிடுங்குவதற்கு ஒரு நாள் போதும். அவர்கள் அறியாமையால் பல்லைப் பிடுங்குகிறார்கள் என்பாரை நான் ஒப்புவதில்லை. அவர்கள் போடும் கணக்கு சரியாகவே இருக்கிறது. காறையை நீக்கினால் பல் ஆடும் என்ற அச்சமும் இதனுடன் சேர்கிறது. ஏற்கெனவே ஆடத் தொடங்கிய பல்லைக் காறைதான் பிடித்து நிறுத்தியிருந்தது என்பதை எடுத்துச் சொல்ல மருத்துவருக்கும் நேரமில்லை.

நம் கல்லூரிகளில் முதுநிலை மாணவர் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேடு எழுதவேண்டும். 2007-இல் தொடங்கிய இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் ஈறு பற்றிய சோதனைகள் பல காணக்கிடக்கின்றன. பெரும்பாலானவற்றில் ஆள் தொகை சிறிது. காலமும் சில மாதங்களே. தவறாது திரும்பி வரக்கூடியவரையே சேர்த்துக்கொள்கின்றனர். இடையில் வராமற்போனவர் கணக்கிலிருந்து நீங்குகிறார். அந்த இட்லி வியாபாரி முதலிலேயே விலக்கப்படுகிறார், அல்லது பாதியில் மறைகிறார். பின்னர் கட்டுரையில் சிகிச்சை வெற்றி என்று எழுதப்படுகிறது.

இங்கே பல் மருத்துவ மாணவர்கள் சிலரும் புள்ளியியல் மாணவர்கள் சிலரும் அமர்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். தாராவியிலும் செம்பூரிலும் மாலை ஆறு மணிக்குமேல் இயங்கும் சிறு சிகிச்சையிடம் ஒன்றில், ஒரே அமர்வில் இயன்றவரை முழு வாயையும் சுத்தம் செய்து, மிஷ்ரியை விடும் அறிவுரையும் சேர்த்து அளிப்பதை, இப்போதைய முற்பகல் முறையோடு ஒப்பிடும் ஆய்வு வேண்டும். இரு பிரிவினருக்கும் சிகிச்சை உண்டு. நேரமும் முறையும் மட்டுமே வேறு. நோயறியத் தேவையான கருவி, உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த, நுனியில் அரை மில்லிமீட்டர் குமிழ் கொண்ட அளவுகோல். விலை மிகுந்ததன்று, பயன்படுத்தக் கற்பதும் கடினமன்று. பள்ளத்தின் ஆழத்தோடு வேறு இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்: ஒவ்வொருவரும் சிகிச்சைக்காக இழந்த கூலி எவ்வளவு, மூன்றாண்டு முடிவில் வாயில் எஞ்சிய பற்கள் எத்தனை. வராமற்போனவரைப் பட்டியலிலிருந்து நீக்காமல், அவர் வீட்டிற்குச் சென்று எண்ணி வாருங்கள். அந்த மூன்று எண்களும் ஒரே தாளில் வருமாயின், அதற்கான செலவுக் குறிப்பை எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.