இரு செவிக்கு இரு பெட்டி



திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் தன் பணியைத் தொடங்கிற்று. அந்நாளில் வீட்டு வானொலிப் பெட்டியில் பொதுவாக இருந்தது ஒரே ஒலிபெருக்கி. கச்சேரியாயினும் நாடகமாயினும் அந்த ஒரு வாயின் வழியாகவே வந்தது. இன்றோ துவாக்குடியில் ஒரு தொழிலாளர் குடும்பம் தீபாவளி போனஸுடன் கடைக்குச் சென்றால், ஆறு பெட்டிகள் கொண்ட தொகுதியும் இரண்டே பெட்டிகள் கொண்ட தொகுதியும் ஏறக்குறைய ஒரே விலைக்கு அவர்கள் முன் வைக்கப்படுகின்றன. தந்தைக்குப் பாட்டு வேண்டும்; பிள்ளைகளுக்குத் திரைப்படம் வேண்டும். எதனை வாங்குவது? ஆண்டிற்கு ஒருமுறை வரும் பணம் வீணாகாமற் காக்கும் பொறுப்பு, இயற்பியல் பயிலும் உங்களையே சாரும்.

முதலில் செவியின் இயல்பை அறிவோம். இடப்புறத்து ஓசை இடச் செவியை முன்னும் வலச் செவியைச் சற்றுப் பின்னும் அடைகிறது. அவ்விடைவெளி ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவே. அந்நுண்ணிய வேறுபாட்டையும், இரு செவிகளிலும் ஓசையின் வலிமை மாறுபடுவதையும் கொண்டே மூளை திசையை உணர்கிறது. இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டு, ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் புளூம்லைன் 1931இல் ஸ்டீரியோ முறைக்குக் காப்புரிமை கோரினார். 1958இல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் பரவலாக விற்பனைக்கு வந்தன. நன்கு பதிவு செய்த கச்சேரியை இரு பெட்டிகளிற் கேட்டால், இடப்புறம் மிருதங்கமும் வலப்புறம் வயலினும் ஒலிக்க, பெட்டியே இல்லாத நடுவிடத்திற் பாடகர் அமர்ந்து பாடுவதுபோல் தோன்றும். ஒரே குரலை இரு பெட்டிகளும் சமமாக ஒலிக்கும்போது மூளை அதனை நடுவில் நிறுத்துகிறது.

இனித் திரைப்படம். 1992இல் அரங்குகளுக்கு வந்த டால்பி டிஜிட்டல் முறையில், முன்னே மூன்று தடங்கள், சுற்றிலும் இரண்டு, தாழ்ந்த அதிர்வுக்கு ஒன்று என ஆறு தடங்கள் உள. உரையாடலின் பெரும்பகுதி நடுத்தடத்திலேயே அமைகிறது. இரண்டு பெட்டிகள் மட்டும் உள்ள வீட்டில் அந்நடுத்தடம் இரண்டிற்கும் சமமாகப் பகிரப்படுகிறது. பாடகர் குரல்போலவே வசனமும் நடுவிலிருந்து கேட்கிறது. ஆதலின், ஒரே பணத்தை ஆறாகப் பிரித்து ஆறு எளிய பெட்டிகள் வாங்குவதினும், தரமான இரண்டு வாங்குவதே இரண்டுக்கும் பொருந்தும். நடுவினின்று விலகிப் பலர் அமர்ந்து பார்க்கும் அகன்ற கூடமாயின் நடுப்பெட்டி மிகவும் பயன்படும். அதற்குப் பின்னர் இடமளிக்கும் பெருக்கியை இப்பொழுதே தேர்ந்தெடுக்கலாம்.

கடையில் எங்ஙனம் சோதிப்பது? நீங்கள் நன்கறிந்த ஒரு பாடலைக் கொண்டு செல்லுங்கள். தம்புராவின் நாதம் குரலுக்குப் பின்னே தெளிவாய் நிற்கிறதா, மிருதங்கத்தின் தொப்பி வெறும் இரைச்சலாய்க் குழம்புகிறதா என்று கேளுங்கள். பின்னர் ஒரு திரைக்காட்சியைத் தாழ்ந்த ஒலியில் வைத்துச் சொற்கள் விளங்குகின்றனவா என்று பாருங்கள். வாட் கணக்கைக் கண்டு மயங்க வேண்டா. ஐம்பது வாட் நூறானால் ஒலி மூன்று டெசிபெல்லே உயரும். இருமடங்கு உரக்கக் கேட்பதாகத் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும்.

வாங்கிய பின் வைக்கும் முறை காசில்லாமற் கிடைக்கும் இலாபம். இரு பெட்டிகளும் நீங்களும் சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளாக இருங்கள். உயர்ந்த சுரங்களை ஒலிக்கும் சிறு ஒலிபெருக்கி செவியின் உயரத்தில் அமையட்டும். மூலையில் ஒட்டி வைத்தால் தாழ்ந்த ஓசை மிகுந்து குழப்பும். சிமெண்டுத் தரையும் வெறுஞ்சுவரும் எதிரொலி எழுப்பும். ஒரு ஜமக்காளம், திரைச்சீலை, புத்தக அலமாரி ஆகியன அதனைத் தணிக்கும்.

இறுதியாக ஒன்று. வாரத்திற்கு நாற்பது மணி நேரம் கேட்பதாயின் ஒலி எண்பது டெசிபெல்லைத் தாண்டலாகாது என உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. உட்செவியின் நுண்மயிர் உயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. கெட்ட பெட்டியை மாற்றலாம். கெட்ட செவியை மாற்ற இயலாது. அடுத்த வீட்டிலும் ஒரு மாணவன் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பான். நல்ல கருவியின் சிறப்பு, தாழ்ந்த ஒலியிலும் ஒவ்வொரு சொல்லும் சுரமும் துலங்குவதே என்பதை நினைவிற் கொண்டு தேர்ந்தெடுப்பீர்களாக!