கஞ்சி கலர் பீரும் ஒரு சங்கப் பாட்டுப் பக்குவமும்

இந்த எபிசோடை ஊர்லேர்ந்து ரெக்கார்ட் பண்றேன். பெரிய காஞ்சிபுரம், எங்க வீட்டு மாடி. பின்னாடி டக்கு டக்குனு கேட்டா அது பக்கத்து வீட்டுத் தறி. எடிட்ல எடுத்துடலாம், மனசு வரல.

போன மாசம் பெங்களூர்ல ஒரு சின்ன ப்ரூவரில, ஓக் பீப்பாய்ல ஊறின ஹேஸி பீர் குடிச்சேன். சின்ன டம்ளர்தான். பார்த்ததும் எனக்குத் தோணினது, வடிச்ச கஞ்சில மஞ்சத்தூள் விழுந்துடுச்சு! அப்படி ஒரு கலங்கல். ஓட்ஸ், கோதுமையில இருக்கிற புரதமும் ஹாப்ஸ் பூவுல இருக்கிற பாலிஃபீனாலும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு மிதக்குறதாலதான் இந்தக் கலங்கல். அமெரிக்காவுல வெர்மான்ட் பக்கம் ஆரம்பிச்ச ஸ்டைல். அங்க தி ஆல்கெமிஸ்ட்னு ஒரு ப்ரூவரி 2011-ல ஹெடி டாப்பரைக் கேன்ல அடைச்சு விற்க ஆரம்பிச்ச பிறகு உலகம் பூரா பரவிச்சு.

முகர்ந்தா முதல்ல மாம்பழம். ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்துக்கு நாலு கிளை, நாலு சுவைனு கேட்டு வளர்ந்த ஊர்க்காரி நான், மாம்பழ விஷயத்துல ஏமாற மாட்டேன். இது கொஞ்சம் கனிஞ்சு போன பழம். டம்ளர் சூடாக ஆக, கீழேர்ந்து தேங்காய் வாசனை. அப்புறம் வெனிலா. கடைசில நாக்கு ஓரத்துல கடுக்காய் கடிச்ச மாதிரி துவர்ப்பு. அதெல்லாம் மரத்தோட வேலை. தேங்காய் வாசனை ஓக்ல இருக்கிற லாக்டோன்லேர்ந்து வருது. மரத்தைச் சுடும்போது லிக்னின் உடைஞ்சு வெனிலின் ஆகுது. போர்பன் விஸ்கிக்குக் கருக்கின புது ஓக் கலம்தான் வேணும்னு அமெரிக்கச் சட்டம் சொல்லுது. அதனால ஒரு தடவை பயன்படுத்தின பீப்பாயெல்லாம் வெளில வருது, பீர் காய்ச்சறவங்க வாங்கிக்கிறாங்க.

நல்லா இருந்துச்சான்னு கேட்டா, பாதி. ஹேஸி பீரை வந்த சூட்டோட குடிச்சுடணும். காத்து பட்டா ஹாப்ஸ் வாசனை ஓடிடும், கலரும் மங்கிப் பழுப்பாயிடும். மரத்துக்கோ மாசக்கணக்குல பொறுமை வேணும், பீப்பாய் இடுக்கு வழியா காத்தும் மெல்ல உள்ளே வரும். அவசரக்காரனையும் நிதானக்காரனையும் ஒரே வீட்ல குடி வெச்ச கதை. நான் குடிச்சதுல மரம் ஜெயிச்சுது, மாம்பழம் தோத்துது.

சரி, இதை ஏன் காஞ்சிபுரத்துல உக்காந்து பேசறேன்? பத்துப்பாட்டுல பெரும்பாணாற்றுப்படைனு ஒண்ணு இருக்கு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடினது. காஞ்சிய ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பார்க்கப் போற பாணனுக்கு வழி சொல்ற பாட்டு. வழில வலைஞர் வீட்ல என்ன கிடைக்கும்னு சொல்லும்போது ஒரு முழு ரெசிபியே வருது. குத்தித் தீட்டாத அரிசியைக் களியா துழாவிக் காய்ச்சி, அகல வாய்த் தட்டுல ஆற வெச்சு, முளை அடையை அதுல கலந்து, ரெண்டு பகல் ரெண்டு ராத்திரி கழிச்சு, சாடியில விளைய விட்டு, விரலால அலைச்சுப் பிழிஞ்சு, சுட்ட மீனோட தர்றாங்க. முளை விட்ட தானியம்னா அது மால்ட். விரலால பிழிஞ்சா எப்படித் தெளியும்? அதுவும் கலங்கல்தான்! திருமுருகாற்றுப்படையில மூங்கில்ல விளைஞ்ச தேன் கள் வருது. ஓக் கிடைக்காத ஊர்ல மூங்கில்.

பெருமையா இருந்துச்சு. அதே வேகத்துல அம்மாகிட்ட சொன்னேன். அம்மா சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே, "இதுவும் அதானேடி?"ன்னாங்க.

எங்க அப்பா குடிச்சவர். நல்ல நெசவாளி, பாவு பிணைக்கிறதுல அவர் கைக்கு ஈடு இல்லைனு இன்னைக்கும் சொல்றாங்க. கூலி வர்ற நாள்ல அவர் படியேறும்போதே வாசனை முதல்ல வரும். அந்த வாசனைக்கு எங்க வீட்ல ஒரே அர்த்தம்தான். நானும் தம்பியும் பாத்திரத்தையெல்லாம் உள்ளே எடுத்து வெச்சுடுவோம். அதனால எனக்கு முகர்றதுனாலே மூச்சைப் பிடிக்கிறதுதான். ஒரு டம்ளரை மூக்குகிட்ட கொண்டு போய் நிதானமா இழுக்க எனக்கு இருபத்தேழு வயசாச்சு.

"வேறம்மா, இது ருசிக்கு"ன்னேன். "உங்கப்பாவும் அலுப்புக்குன்னுதான் ஆரம்பிச்சாரு"ன்னாங்க. எனக்குப் பதில் வரல. இப்பவும் இல்ல. ஆல்கஹால் ரெண்டுலயும் ஒண்ணுதான். அன்னைக்கு நான் அரை டம்ளரோட நிறுத்தினது பீர் சுமாரா இருந்ததாலயா, பயத்தாலயான்னும் எனக்குத் தெரியல.

மறுநாள் காலையில அம்மா கோயில் இட்லி வாங்கிட்டு வந்தாங்க. மூங்கில் குடலையில மந்தாரை இலை போட்டு, புளிச்ச மாவுல மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, மணிக்கணக்கா ஆவில வேக வெக்கிறது. "இதுல என்ன வாசனை வருது, சொல்லு பாப்போம்"னு தட்டை என் பக்கம் தள்ளினாங்க. புளிப்பு, சுக்கு, இலைனு சொன்னேன். அம்மா கண்ணை மூடிக்கிட்டு முகர்ந்தாங்க. "மூங்கிலை விட்டுட்டியே"ன்னாங்க.