அடுப்பு வேறு என்றால் குடும்பம் வேறு

(தோட்டத் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தை, மாசியில் கொழுந்து குறைவது நமக்குப் புதிதல்ல. பாட்டன் காலத்திலும் வெயில் அடித்தது, நுவரெலியாப் பக்கம் உறைபனியில் தேயிலை கருகியது. ஆனால் எந்த மாதம் கை இளைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அதற்கு ஏற்றமாதிரி சீட்டுப் பிடித்து வைத்தார்கள். இன்றைக்கு மழை வரவேண்டிய மாதத்தில் வெயில் காய்கிறது. மழை வந்தால் மலையே இறங்கி வருகிறது. 2025 நவம்பரில் டித்வா புயல் அடித்தபோது நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மண் சரிந்ததைப் பார்த்தோம். பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் படுத்துக்கிடந்த நாட்களுக்கு நமக்கு யார் பேர் போட்டார்கள்?

பேர் குறைந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முதலில் தோடு அடகுக்குப் போகும். பிறகு கடையில் கடன். அதற்குப் பிறகு தரம் பத்தில் படிக்கும் பிள்ளை கொழும்புக்கு வேலைக்குப் போகும். தோட்டை மீட்டுவிடலாம். பிள்ளை விட்ட படிப்பை மீட்க முடியாது. அந்த இடத்தில்தான் அஸ்வெசும போன்ற உதவி கைகொடுக்க வேண்டும்.

2023இல் சமுர்த்திக் கொடுப்பனவுக்குப் பதிலாக இது வந்தது. மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 17,500 ரூபாய் வரை, வறிய குடும்பத்துக்கு 10,000 ரூபாய் வரை என்று 2025இல் கூட்டினார்கள். கல்வி, சுகாதாரம், வருமானம், சொத்து, வீடு, குடும்பத்தில் உள்ளவர்கள் என்று 22 விடயங்களைப் பார்த்துப் புள்ளி போடுகிறார்கள். கணக்கு சரிதான். ஆனால் லயத்துக்குள் வந்தால் அது தடுமாறுகிறது.

ஒரு அக்கா என்னிடம் சொன்னார். அவர் வீட்டுக் காம்பராவில் ஒரு அடுப்பு, பின்னால் இறக்கிய தகரக் கொட்டிலில் தம்பி குடும்பத்துக்கு இன்னொரு அடுப்பு. மீட்டர் ஒன்றுதான். கணக்கெடுக்க வந்தவர் எல்லாரையும் ஒரே குடும்பமாகப் பதிந்துவிட்டார். மூன்று பேருடைய சம்பளமும் ஒன்றாகச் சேர்ந்தது, கரண்ட் பில்லும் கூடித் தெரிந்தது. பெயர் வரவில்லை. "நமக்கு இல்லையாம் தம்பி" என்று அக்கா பேசாமல் இருந்துவிட்டார். மேன்முறையீடு செய்யலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை, அது நம்முடைய குறை.

அடுப்பு வேறு என்றால் குடும்பம் வேறு என்று கேளுங்கள். வருமானம் கேட்டால் நல்ல கொழுந்து மாதத்தை மட்டும் சொல்லாதீர்கள். மூன்று நாள் வேலை கிடைத்த வாரத்தையும், அரைப்பேர் விழுந்த நாளையும் உள்ளபடி சொல்லுங்கள். பொய் வேண்டாம், உண்மையே போதும்.

இதைப் பிச்சை என்று வெட்கப்படுகிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள். சவர்க்காரம் வாங்கும்போது 18 வீதம் வற் வரி கட்டுகிறோமே, அப்போது யாரும் நம்மைத் தோட்டத்து ஆள் என்று தள்ளி வைப்பதில்லை.

அதே நேரம், அஸ்வெசும கிடைக்கிறதே என்று கம்பனிகள் சம்பளப் பேச்சில் சாக்குச் சொல்ல இடம் கொடுக்க மாட்டோம். வேலை நாளுக்கும் காணிக்கும் வீட்டுக்குமான போராட்டம் வேறு. அரசாங்கத்திடம் நாம் கேட்பது இது: வரட்சியோ மண்சரிவோ வந்த தோட்டத்தில், அடுத்த கணக்கெடுப்பு வரை காத்திருக்காமல், அந்த மாதமே மேலதிகக் கொடுப்பனவு வேண்டும்.

பெயர் தள்ளப்பட்டவர்கள் அடையாள அட்டை, சம்பளத் துண்டு, கரண்ட் பில் மூன்றையும் எடுத்துக்கொண்டு தலைவரிடம் வாருங்கள். தலைவர்மார்களே, பெயர்களை எழுதி எடுங்கள். பிரதேச செயலகத்துக்கு ஒவ்வொருவராக அலையாமல் எல்லோரும் சேர்ந்தே போவோம்.