கடைமடையில் ஒரு வீடு

(இலக்கிய வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘நினைவில் வாழும் பாட்டன் வீடு’ என்னும் தலைப்பு எனக்கு வழங்கப்பட்டிருக்கிறது. வழங்கியதற்குக் காரணம் உண்டு. இவ்வட்டம் தொடங்கிய புதிதில், இதே மன்றத்தில், ‘அம்மாயி வீடு’ என்றொரு கவிதை படித்தேன். நீங்கள் கைதட்டினீர்கள், இருவர் கண்கலங்கியதாகவும் பின்னர்ச் சொன்னார்கள். இவ்வாண்டு மலரில் அதனைச் சேர்க்க மலர்க்குழுவினர் கேட்டபோது வேண்டாமென்று மறுத்துவிட்டேன். தன்னடக்கம் என்று எண்ணிக்கொண்டார்கள் போலும். அதற்கீடாக ஓர் உரையாவது நிகழ்த்துங்கள் என்றார்கள். நான் மறுத்தது தன்னடக்கத்தால் அன்று. அக்கவிதையில் ஒரு பிழை இருக்கிறது. யாப்புப் பிழையாக இருந்திருந்தால் திருத்திக் கொடுத்திருப்பேன்.

முதலில் அந்த வீட்டைக் காட்டிவிடுகிறேன். தஞ்சை மாவட்டத்தின் தெற்குக் கோடியில், பேராவூரணிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூர். என் தாயைப் பெற்றவர்கள் வாழ்ந்த வீடு அங்கே இருந்தது. எங்கள் பக்கத்தில் தாயின் தாயை அம்மாயி என்போம். தந்தையின் தாய் அப்பாயி. சென்னையில் பள்ளித் தேர்வு முடிந்த மறுநாளே எழும்பூரில் வண்டியேறிவிடுவோம். கம்பன் விரைவுவண்டி என்பது அதன் பெயர். தமிழ் படிக்கப் போகும் பெண் கம்பன் பெயரிலான வண்டியில்தான் வளர்ந்தாள் என்று என் ஆசிரியர் ஒருவர் பின்னாளில் வேடிக்கையாகச் சொல்வார். மீட்டர் பாதையில் இரவெல்லாம் ஆடியாடி, விடிந்தபின் திருவாரூரைத் தாண்டி, உப்புக்காற்று சன்னலுக்குள் வரும்போது அம்மாவின் முகம் மாறும். சென்னையில் நாங்கள் அறிந்திராத ஒரு முகம் அது. அந்தப் பாதை 2012-இல் மூடப்பட்டு, 2019-இல் அகலப்பாதையாகத் திறந்தது. இப்போது வண்டி ஆடுவதில்லை.

வீடு பெரியதன்று. கவிதைகளில் வருகின்ற தேக்குத் தூண்களோ பெல்ஜியம் கண்ணாடிகளோ அங்கே கிடையா. நாட்டோடு வேய்ந்த கூரை, மண்சுவர், நடுவில் ஒரு முற்றம், தாழ்வாரத்தின் மூலையில் ஒரு பத்தாயம், அடுக்களையில் கொடியடுப்பு, கொல்லையில் தென்னந்தோப்பு, தோப்பின் முடிவில் குளம். ஒரு பலா மரமும் இருந்தது. அதன் முதற்பழம் நாங்கள் வருவதற்காக அறுபடாமல் காத்திருக்கும். மாமன் மக்கள், சித்தி மக்கள் எல்லாருமாகப் பதினான்கு பேர். உச்சிவெயிலில் நுங்கு வண்டி, குளம் வற்றினால் ஊத்தா போட்டு விராலும் குரவையும் பிடித்தல், மாலையில் மல்லிப்பட்டினத்திலிருந்து மிதிவண்டியில் மீன் வருதல். இவையெல்லாம் என் கவிதையில் இருந்தன.

இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஊருக்கு மேற்கே கல்லணைக் கால்வாயின் கிளை வாய்க்கால் ஒன்று ஓடுகிறது. மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டபோது அதனோடு சேர்த்து வெட்டப்பட்ட கால்வாய் அது. காவிரியும் வெண்ணாறும் பழைய ஆறுகளாதலால் மக்கள் இதனைப் புது ஆறு என்றே அழைத்தார்கள். தொண்ணூறு ஆண்டுகள் ஆன பின்னரும் அது புது ஆறுதான். தஞ்சைக்கும் ஒரத்தநாட்டுக்கும் பட்டுக்கோட்டைக்கும் நீர் கொடுத்து, கடைசியாக எங்கள் பக்கம் வந்து சேர்கின்ற கடைமடைப் பாசனம். அந்த வாய்க்காலின் மணலில்தான் நாங்கள் நாள்தோறும் விளையாடினோம். ஆனால் அதில் நீர் ஓடி நான் ஒருமுறையும் கண்டதில்லை. சனவரி 28-இல் மேட்டூரை அடைப்பார்கள். சூன் 12-இல் திறப்பதென்பது மரபு. பள்ளி திறக்க நாங்கள் சூன் முதல் வாரமே சென்னைக்குத் திரும்பிவிடுவோம். எனவே எனக்கு வாய்க்கால் என்றால் மணல். பத்து ஆண்டுகள் ஓர் ஊருக்குப் போய்வந்த ஒருத்தி, அவ்வூர் எந்த நீருக்காகக் காத்திருந்ததோ அந்த நீரைப் பார்க்காமலே அவ்வூரைப் பற்றிக் கவிதை எழுதியிருக்கிறேன் என்பதை இப்போது எண்ணிப் பார்க்கிறேன்.

நினைவுப் பாடல்களுக்கு நம் மொழியில் முன்னோடி ஒருவர் இருக்கிறார். அவருடைய இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாடலில் அவர் ஆண்ட ஒரு தொடரைக் கொண்டே தொடித்தலை விழுத்தண்டினார் என்று வழங்குகிறோம். புறநானூற்றின் 243-ஆம் பாடல். தடியூன்றி இருமும் முதுமையில் ஒருவர் தம் இளமையை நினைக்கிறார். நீரின்மேல் தாழ்ந்த மருதக் கிளையில் ஏறியதையும், கரையில் நின்றோர் மருளக் குதித்து ஆழத்திலிருந்து மணலை அள்ளி வந்ததையும் சொல்லி இரங்குகிறார். வகுப்பில் இப்பாடலை நடத்தும் ஆண்டுகளிலெல்லாம் எங்கள் குளம்தான் என் கண்முன் நிற்கும். அம்முதியவர் சொல்வது மிகச் சில செய்திகளே என்பதையும் மாணவியருக்குச் சுட்டிக்காட்டுவேன். நம் கவிஞர்கள் இதனைக் கவனிக்க வேண்டுகிறேன். நம் கூட்டங்களில் படிக்கப்படும் பாட்டன் வீட்டுக் கவிதைகளில் திண்ணை, ஊஞ்சல், முற்றம், நிலா ஆகிய நான்கும் தவறாமல் வருகின்றன. யாருடைய திண்ணை என்பது மட்டும் தெரிவதில்லை. இந்தக் குறையை என் கவிதைக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஆயினும் நான் குறிப்பிட்ட பிழை இதுவன்று.

2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியற்காலையில் கசா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் இலட்சக்கணக்கான தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்தன. அம்மாயியும் தாத்தாவும் அதற்குப் பல்லாண்டுகள் முன்பே காலமாகிவிட்டார்கள். வீட்டில் மாமாவும் அத்தையும் இருந்தார்கள். வழி சீரான பின் நான் போனேன். பேருந்தை விட்டு இறங்கியதும் திசை தெரியவில்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் வானம் தெரிந்தது. அந்த ஊரில் அவ்வளவு வானம் இருந்ததை நான் அறியேன். எங்கள் தோப்பில் நின்ற மரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வீட்டின் ஓடுகள் முற்றத்தில் குவிந்து கிடந்தன. மேலே தார்ப்பாய் கட்டியிருந்தார்கள்.

அன்றிரவு மின்சாரம் இல்லை. அரிக்கேன் விளக்கடியில் நானும் அத்தையும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். ஆறுதலாக இருக்கட்டும் என்று என் கவிதையைப் படித்துக் காட்டினேன். படிக்கும்போது குரல் எனக்கே தழுதழுத்தது. அதில் ஓர் அடி இருக்கிறது. நீங்கள் மிகவும் பாராட்டிய அடி. நாங்கள் உறங்கும் முன் தாழ்வாரத்தில் கேட்கும் கீற்றின் சலசலப்பை அம்மாயி வீட்டின் தாலாட்டு என்று எழுதியிருந்தேன். அத்தை எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, “எல்லாம் நல்லாத்தான் இருக்கு, தாயி. அந்தக் கீத்துச் சத்தம் தாலாட்டா?” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அத்தைதான் விளக்கினார்.

தென்னை மட்டைகளைக் குளத்தில் ஊறப்போட்டு, எடுத்துப் பிளந்து, ஓலைகளை ஒன்றினுள் ஒன்றாக மடக்கிக் கீற்று முடைவார்கள். கூரை வேய்வோர் நூற்றுக் கணக்கில் வாங்கிப் போவார்கள். தேங்காய்ப் பணம் தாத்தாவின் கணக்கு. கீற்றுப் பணம் அம்மாயியுடையது. அந்த வீட்டில் அம்மாயியின் கைக்கென்று வந்த பணம் அது ஒன்றுதான். கோடைக்கு முன்பே நெல்லை ஊறவைத்து, அண்டாவில் அவித்து, முற்றத்தில் காயவைத்து, பதினான்கு பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் ஒரு மாதத்திற்கு வேண்டிய அரிசியைச் சேர்த்துவிடுவார். நாங்கள் வந்தபின் விடியலில் ஆட்டுரல், பகலெல்லாம் அடுப்பு, மாலையில் மீன் அரிதல். எல்லாரும் படுத்தபின் தாழ்வாரத்தில் அமர்ந்து கீற்று முடைவார். புறப்படும் நாளில் பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் சுருக்குப்பையிலிருந்து இரண்டு ரூபாய்த் தாளும், பெண்மக்கள் கையில் மடித்த சில தாள்களும் வைப்பாரே, அவை இரவில் முடைந்தவை. “அந்த ஒரு மாசமும் அத்தை முதுகைத் தரையில வச்சு நான் பாத்ததில்ல. நீங்க போனப்பறம் மூணு நாளு எந்திரிக்க மாட்டாங்க” என்றார். எங்களை வழியனுப்பிய பின் அவ்வீட்டில் என்ன நடந்தது என்பதை முப்பதாண்டுகளுக்குப் பிறகு அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன்.

நண்பர்களே, உவமை அழகாக இருந்தது. ஒரு கிழவியின் கூலி வேலையை நான் தாலாட்டாக்கிவிட்டேன். தாலாட்டு என்பது பொய்யென்றும் சொல்ல முடியவில்லை; அவ்வொலியில்தான் நாங்கள் உறங்கினோம். ஆனால் அதைக் கேட்டவளின் உறக்கம் மட்டுமே அந்த அடியில் இருக்கிறது. முடைந்தவளின் விழிப்பு இல்லை. அதை எப்படித் திருத்துவது? ‘தாலாட்டு’ என்பதை அடித்துவிட்டுக் ‘கூலி’ என்று எழுதிப் பார்த்தேன். கவிதை துண்டறிக்கையாகிவிட்டது. இன்னும் திருந்தவில்லை.

அத்தை அன்றிரவு சொன்ன மற்றொன்றையும் சொல்ல வேண்டும். நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டில் அம்மாயியிடம் ஒரு முறை, “உங்க அம்மாயி வீடு எங்கே இருந்துச்சு?” என்று கேட்டேன். “வெயில் ஆறட்டும், சொல்றேன்” என்றார். வெயில் ஆறியபோது மீன்காரர் வந்துவிட்டார். பிறகு நானும் கேட்கவில்லை. அவர் பிறந்த ஊர் ஒரத்தநாட்டுப் பக்கம், புது ஆற்றங்கரையிலேயே இருக்கிறது என்பதை அத்தை சொல்லித்தான் அறிந்தேன். பேருந்தில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் கோடை விடுமுறை என்றால் எல்லாரும் தாய்வீடு போகும் காலம். அவருடைய மக்கள் அவரிடம் வந்துவிடுவதால் அவரால் தம் தாய்வீட்டுக்குப் போக முடியாது. விடுமுறை முடிந்தால் நடவு.

நற்றிணையில் போதனார் பாடிய 110-ஆம் பாடலை நீங்கள் அறிவீர்கள். தந்தை வீட்டில் பாலுண்ண மறுத்துப் பந்தலெங்கும் ஓடிய சிறுமி, கொழுநன் வீடு வறுமையுற்ற காலத்தில் தந்தை வீட்டுச் சோற்றை நினையாமல் வேளை தவிர்த்து உண்கிறாள் என்று தாய் வியக்கின்ற பாட்டு. பெண்ணின் பெருமைக்குச் சான்றாக இதனை இருபதாண்டுகளாகப் பாடம் நடத்தி வருகிறேன். அவள் நினைக்கவில்லை என்று நாம் எங்ஙனம் அறிவோம்? அவள் சொல்லவில்லை, அவ்வளவே. சொல்லியிருப்பது தாய். ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்ற எனக்கு, இவ்வையம் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்துதான் தோன்றியது.

அத்தை சொன்னது இது: “ஆனி மாசம் வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சுன்னு சேதி வந்தா, அத்தை கைவேலையப் போட்டுட்டு மதகடிக்குப் போயி நிப்பாங்க. எங்க ஊரத் தாண்டி வந்த தண்ணின்னு ஒரு கை அள்ளி மொகத்துல விட்டுக்குவாங்க. வேற ஒண்ணும் பேச மாட்டாங்க. திரும்பி வந்துருவாங்க.”

2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் சூன் 12-இல் மேட்டூர் திறக்கவில்லை. 2020-இல் குறித்த நாளில் திறந்தார்கள். ஆனால் அது ஊரடங்குக் காலம், போக இயலவில்லை. பிந்திய ஓர் ஆண்டில் கல்லூரியில் விடுப்பெடுத்துக்கொண்டு போனேன். கல்லணை திறந்து நாட்கள் பல சென்றபின், ஒரு முற்பகலில் நீர் வந்தது. நான் எதிர்பார்த்தவாறு பொங்கி வரவில்லை. முதலில் மணல் கறுத்தது. பிறகு சருகும் நுரையும் ஆகாயத்தாமரைத் துண்டுகளும் நெகிழிப் பைகளுமாக, நடக்கும் குழந்தையின் வேகத்தில் வந்தது. நாங்கள் பல்லாங்குழி தோண்டிய இடம் எதுவென்று நான் தேடுவதற்குள் அது நீருக்கடியில் போய்விட்டது. அத்தை மதகின் கட்டைச்சுவரில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முழங்கால் வலி, இறங்க முடியாது. “நீ எறங்கு” என்றார்.

இறங்கினேன். நீர் கலங்கலாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தது. கையில் அள்ளிக்கொண்டு மேலே வந்தபோது பாதிக்குமேல் சிந்திவிட்டது. மிஞ்சியதை அத்தை வாங்கித் தம் முகத்தில் தடவிக்கொண்டார். அத்தை பிறந்த ஊரும் மேற்கேதான் என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. இத்தனை ஆண்டுகளில் அதைப்பற்றியும் நான் கேட்டதில்லை.

மலர்க்குழுவினர் என்னை மன்னிக்க வேண்டும். கவிதை இம்முறை இல்லை. வரும் ஆனியில் மறுபடியும் போகிறேன். இந்த முறை வெயில் ஆறும்வரை காத்திருக்காமல் அத்தையிடம் கேட்பதாக இருக்கிறேன்.